அரிசிமாப் பிட்டுக்குள் இருக்கும் கோதுமை

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்கும் வயிற்று நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையில் வரும் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி குன்மநோயாலும் குதிரை முகத்தாலும் வருந்துகிறாள். கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குணமடைகிறாள். நகுல முனிவரின் கீரிமுகம் மாறியதும் இந்தத் தீர்த்தத்தில்தான் என்பது ஐதீகம். அங்குள்ள கோயிலின் நகுலேஸ்வரம் என்ற பெயர் அவரோடு சேர்ந்து வந்தது. குன்மம் என்று பழைய வைத்தியம் சொன்னது ஒரு நோயை அல்ல, பல வயிற்று நோய்களை. அதை இன்றைய மருத்துவப் பெயர் ஒன்றோடு பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. ஆனால் உண்டது ஒட்டாமல் மெலியும் உடம்பும், ஊதிய வயிறும், வைத்தியம் தேடி ஊர் ஊராக அலையும் குடும்பமும் கதையோடு முடிந்துவிடவில்லை. அப்படி அலைபவர்களில் ஒரு சிலருக்கு நோய்க்குக் காரணம் அன்றாடம் உண்ணும் கோதுமை. சோறு தின்னும் நாட்டில் அதை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை.

கோதுமையால் வருபவற்றில் சீலியாக் நோய் வேறு, கோதுமை ஒவ்வாமை வேறு. குடும்பங்கள் முதலில் தெளியவேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடும் தன்மையைத் தருவது குளூட்டன் என்ற புரதக் கூட்டு. பார்லியிலும் றை தானியத்திலும் அதன் உறவுப் புரதங்கள் உள்ளன. இந்தப் புரதம் யாருடைய குடலிலும் முழுதாகச் செரிப்பதில்லை. சீலியாக் நோய் உள்ளவரில், எஞ்சும் துண்டுகளைப் பகையாகக் கருதி உடலின் எதிர்ப்பு அணுக்கள் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகின்றன. உணவின் சத்தை உறிஞ்சும் குடற்சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றோட்டம் வரலாம், வராமலும் போகலாம். இரும்புச்சத்துக் குளிசை எத்தனை மாதம் போட்டாலும் ஏறாத இரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் எட்டாத பிள்ளை, இளவயதிலேயே தேயும் எலும்பு, கடியோடு கொப்புளம் போடும் தோல் என்று இது பல முகங்களில் வரும். கோதுமை ஒவ்வாமையோ உடனே தெரிவது. தின்ற சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று வெளிப்படும். கடுமையானால் அட்ரினலின் ஊசிதான் உயிர்காக்கும். பாண் தின்றுவிட்டு ஓடினாலோ கடும் வேலை செய்தாலோ மட்டும் மயங்கி விழுபவர்களும் உண்டு. இந்த ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளரும்போது நீங்கிவிடும். சீலியாக் நோய் நீங்குவதில்லை. அதற்கு இன்றுவரை உள்ள ஒரே சிகிச்சை, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவது.

இந்தச் சிகிச்சையை உறுதிப்படுத்த ஒரு பஞ்சமும் உதவியது. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயை விரிவாக விவரித்து, குணம் என்று ஒன்று இருந்தால் அது உணவின் வழியேதான் வரும் என்ற கருத்தைச் சொன்னார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்க 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944–45 பனிக்காலப் பஞ்சத்தில் அந்த நாட்டில் பாண் இல்லாமற் போனது. ஊரே பட்டினி கிடந்தபோது சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். 1950இல் டிக்க தம் ஆய்வேட்டில் இதை நிறுவினார்.

நம் பக்கத்து மருத்துவர்களிடையே ஒரு நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது: இது கோதுமை தின்னும் வடக்கத்தியரின் நோய், அரிசி தின்பவருக்கு வராது என்று. 1993இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் நடந்த ஆய்வு, அங்கு குடியேறிய பஞ்சாபியரிடையே இந்நோய் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. 2016இல் பி.எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்து வெளியிட்ட முடிவும் மேலோட்டமாகப் பார்த்தால் அதையே சொல்கிறது. சீலியாக் எதிர்ப்பொருள் குருதியில் இருந்தவர்கள் வட இந்தியாவில் 1.23 வீதம், வடகிழக்கில் 0.87 வீதம், தென்னிந்தியாவில் 0.10 வீதம்.

அதே ஆய்வு தந்த இன்னும் இரண்டு எண்களையும் சேர்த்து வாசிக்கவேண்டும். இந்நோய் வருவதற்கு அவசியமான மரபணு வடக்கில் 38.1 வீதத்தினரிடமும் தெற்கில் 36.4 வீதத்தினரிடமும் இருந்தது. ஏறத்தாழச் சமம். வேறுபட்டது தட்டில் இருந்த உணவு. நாளொன்றுக்கு வடக்கில் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். மரபணு உள்ளவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும் என்பதும், வடகிழக்கில் 37 கிராம் மட்டுமே தின்பவரிடையிலும் நோய் தென்னிந்தியாவைவிட அதிகம் என்பதும் உண்மை. ஆகவே கோதுமையின் அளவு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஆனாலும் தெற்கத்தியர் உடம்பு இந்நோய்க்கு இடம் கொடாது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

யாழ்ப்பாணத்துக்குத் தென்னிந்தியாவின் அந்த 0.10ஐ அப்படியே கொண்டுவந்து வைக்கலாமா? கூடாது என்பது என் துணிபு. 25 கிராம் கோதுமை என்பது இங்கே காலைச் சாப்பாட்டில் ஒன்றிரண்டு துண்டுப் பாணோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தேநீரோடு ஒரு பணிஸ், பின்னேரம் ரோல்ஸ், இரவில் ரொட்டி அல்லது பிட்டு.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. பாண் போர்த்துக்கேயரோடு வந்தது. ஆனால் அது ஏழையின் அன்றாட உணவானது போர்க்காலத்தில். 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா ஏறியது. பின்னர் 1954ஆம் ஆண்டின் 480ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமெரிக்க உதவி மா வந்தது. வயதானவர்கள் கோதுமை மாவை அமெரிக்கன் மா என்று சொல்வது அந்தக் காலத்தின் எச்சம். 1977இல் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் செய்தது. 1980இல் திருகோணமலை சீனக்குடாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து நாட்டின் எந்த மூலைக் கடையிலும் அரிசி மாவைவிட எளிதாகக் கிடைப்பது கோதுமை மா.

கீரிமலையின் கதையில் இதற்கு மேலும் ஒரு கட்டம் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரோடு பெயர்ந்தார்கள். கீரிமலைச் சுற்றாடல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பல குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நலன்புரி முகாம்களிலும் உறவினர் காணிகளிலும் வாழ்ந்தன. வயலும் பனங்கூடலும் கைவிட்டுப் போனவர்களுக்குக் கிடைத்த நிவாரணம் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். ஒரு தலைமுறை அந்த மாவில் வளர்ந்தது. உயிரைக் காத்த மா அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அல்ஜீரியப் பாலைவன முகாம்களில் உதவிக் கோதுமையில் வாழும் சஹாராவி அகதிகளைப் பற்றி இங்கே நினைக்கவேண்டியிருக்கிறது. ஒட்டகப் பாலும் இறைச்சியும் பேரீச்சம்பழமும் உண்டவர்கள் பாணுக்கு மாறினார்கள். 1999இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அவர்களின் 990 பிள்ளைகளில் 5.6 வீதத்தினருக்குச் சீலியாக் நோய் இருப்பதைக் கண்டது. அவர்களிடம் அந்த மரபணு மிகுதி. ஆகவே யாழ்ப்பாணத்தை அவர்களோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு சமூகத்தின் உணவு உதவிப் பொதியால் மாறும்போது அதன் குடலையும் மருத்துவம் கவனிக்கவேண்டும் என்று அந்த ஆய்வு உணர்த்துகிறது.

இனி அடுக்களைக்கு வருவோம். இங்கேதான் யாழ்ப்பாணம் தமிழ்நாட்டிலிருந்து பெரிதும் விலகுகிறது. தமிழ்நாட்டில் ஒரு சீலியாக் நோயாளி சப்பாத்தி, பரோட்டா, ரவை ஆகியவற்றை விலக்கிவிட்டு இட்லி, தோசை, இடியாப்பம் என்று பெருமளவு நிம்மதியாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் தோசை மாவிலேயே உளுந்தோடு கோதுமை மா கரைப்பது பல வீடுகளின் வழக்கம். வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் கோதுமை மா; சிவப்பு இடியப்பத்திலும் கலப்பு இருக்கலாம். கொழுக்கட்டை, மோதகம் வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம். பயித்தம் பணியாரத்தைத் தோய்க்கும் கரைசலில் கொஞ்சம். பனங்காய்ப் பணியாரத்தில் இன்று அரைவாசிக்கு மேல். நீரிழிவுக்காரர் நம்பித் தின்னும் குரக்கன் பிட்டிலும் பாதி.

பிட்டை மட்டும் கிட்ட நின்று பார்ப்போம். கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூட்டோடு கட்டி உடைத்து, அரிதட்டில் அரித்துப் பேணியில் போட்டு வைப்பார்கள். இதுதான் அவித்த மா. வறுத்த அரிசி மாவோடு இதைக் கலந்து, கொதிநீர் விட்டுக் குழைத்து, பேணி விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூவோடு நீத்துப்பெட்டியில் வைத்து அவிப்பார்கள். “தனி அரிசி மாப் பிட்டுத்தான் பிள்ளை, மெதுமையா இருக்கட்டும் எண்டு ஒரு சிறங்கை அவிச்ச மா போட்டனான்” என்று மாமி மருமகளிடம் சொல்வதில் ஒரு துளி வஞ்சகமும் இல்லை. அவருக்கு அது அரிசிமாப் பிட்டுத்தான்.

அந்தச் சிறங்கையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முப்பது கிராம் என்று கொள்வோம். கோதுமை மாவில் புரதம் நூற்றுக்குப் பத்து அளவில். அதில் ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன். ஆக ஒரு சிறங்கையில் ஏறத்தாழ 2,400 மில்லிகிராம். ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு 480. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சீலியாக் நோயாளிகளுக்கு மூன்று மாதம் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கே குடற்சுவர் கெட்டது. மாமியின் கைப்பிடி அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல்.

அவித்த மாவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும், ஏனெனில் இங்கே ஒரு தவறான ஆறுதல் இருக்கிறது. அவித்த பிறகு மா ஒட்டுவதில்லை, இழுபடுவதில்லை. வேகவைத்ததில் அதன் ‘சூடு’ போய்விட்டது, வயிற்றுக்கு நல்லது என்ற எண்ணம் இதிலிருந்து பிறக்கிறது. வெப்பம் புரதத்தின் வடிவத்தை மாற்றுகிறது. அதனால் ஒட்டும் தன்மை போகிறது. ஆனால் எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் காண்பது வடிவத்தை அல்ல, அமினோ அமிலங்கள் தொடுத்த வரிசையை. 2002இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இரைப்பை, குடல் நொதிகளுக்கும் அசையாத 33 அமினோ அமிலத் துண்டு ஒன்றைக் கண்டறிந்தார்கள். நீராவி அதை ஒன்றும் செய்யாது. இரவு முழுவதும் புளித்த தோசை மாவிலும் அது போதுமான அளவு சிதைவதில்லை.

நோயைக் கண்டுபிடிப்பதில் குடும்பங்கள் செய்யும் பொதுப் பிழை, சந்தேகம் வந்தவுடன் பாணை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போவது. கோதுமையை நிறுத்தினால் குருதியில் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஆகவே முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். ரிஷ்யூ ட்ரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளும் மொத்த ஐ.ஜி.ஏ அளவும் குருதியில் பார்க்கப்படும். தேவைப்பட்டால் குழாய்க் கமராவால் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் தாய், தகப்பன், சகோதரர், பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக்கொள்ளவேண்டும். நெருங்கிய இரத்த உறவினரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு நோய் இருப்பதைத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. அவர்களில் பலருக்கு எந்த முறைப்பாடும் இராது. பிள்ளைக்குக் கோதுமையைப் பிந்திக் கொடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்று முன்னர் நம்பினார்கள். 2014இல் வெளியான இரு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் அதற்கு ஆதாரம் காணவில்லை.

நோய் உறுதியான வீட்டில் நீத்துப்பெட்டிதான் முதலில் மாறவேண்டிய பொருள். ஓலைப் பின்னலின் இடுக்கில் ஏறிய மாவை எவ்வளவு கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. அரிதட்டும் அப்படியே. புதிதாக ஒன்று வாங்கி, அரிசிக்கென்று குறித்து, தனி ஆணியில் மாட்டிவைக்கவேண்டும். இடியப்ப உரல், தோசைக்கல், அகப்பைக் காம்பு, ரோல்ஸ் பொரித்த தாச்சி எண்ணெய் எல்லாம் கவனிக்கவேண்டியவை. அரைக்கும் மில்லில் முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்கவேண்டும். கடைப் பெருங்காயத்தில் கோதுமை மா கலப்பது வழக்கம். சாம்பார், ரசத்தின் வழியே அது வரும். சோயா சோஸில் கோதுமை உண்டு. மோல்ட் பானங்களில் பார்லி உண்டு, ஹோர்லிக்ஸில் கோதுமையும் உண்டு. நோயாளியைப் பார்க்க வருபவர் கையில் கொண்டுவருவதும் பெரும்பாலும் அதுதான்.

வீட்டில் ஒருவருக்காகத் தனிச் சமையலா, எல்லோருக்கும் ஒரே சமையலா என்பதில் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பாணைப் பிறர் தனியே தின்னட்டும். ஆனால் பிட்டு, இடியப்பம், தோசை மூன்றும் வீடு முழுவதற்கும் தனி அரிசியாக மாறுவதே நல்லது என்று நினைக்கிறேன். இரண்டு குழையல் செய்யும் அடுக்களையில் என்றோ ஒரு நாள் கை மாறும். அதைவிட, ஒரே தட்டில் எல்லோரும் எடுக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு பாத்திரம் என்பது அந்தப் பிள்ளையின் மனதில் நிற்கும். மாமியின் பிட்டு கொஞ்சம் கரடுமுரடாகும். நல்லாய் வறுத்து நைசாக அரித்த மாவும், கொதிநீரின் பதமும், தேங்காய்ப்பூவும் அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். கோதுமை வருமுன் இந்த மண்ணில் பிட்டு அப்படித்தான் இருந்தது. மொட்டைக்கறுப்பன் அரிசி, குரக்கன், சாமை, ஒடியல் மா, மரவள்ளி எல்லாம் நம் நிலத்தில் விளைபவை. ஒடியல் கூழில் கோதுமைக்கு வேலையே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் குளூட்டன் நீக்கிய பிஸ்கட் பெட்டியின் விலையில் ஒரு வீட்டுக்குப் பல நாள் அரிசி மா அரைக்கலாம்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலை வருபவர்களில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் பல. கனடாவில் 2012 ஓகஸ்ட் முதல் பொதி உணவில் குளூட்டன் மூலத்தை வெளிப்படையாக எழுதவேண்டும் என்பது விதி. உலக உணவு நியமமான கோடெக்ஸ், குளூட்டன் அற்றது என்று சொல்ல ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. அங்கே எழுத்தை வாசித்து உண்ணப் பழகிய பிள்ளை, இங்கே தாத்தாவுக்குப் பிதிர்க்கடன் செய்யும் தகப்பனோடு வந்து, பெரியம்மா வீட்டு வாழையிலையின் முன் உட்காருகிறது. இலையில் எதுவும் எழுதியிருக்காது. நல்ல வேளையாக அந்த விரதச் சமையல் பெரும்பாலும் பிழையற்றது: சோறு, பருப்பு, காத்தோட்டிக்காய்ப் பொரியல், வாழைக்காய், பூசணி, கீரை, தயிர். முக்கியமாக இரண்டு இடத்தில் கண் வேண்டும். வடைக்கு உளுந்தோடு கோதுமை மா சேர்த்தார்களா. பாயாசத்தில் சவ்வரிசி மட்டுமா, சேமியாவும் உண்டா. சேமியாவும் ரவையும் கோதுமையே என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை.

கீரிமலைக்குப் பக்கத்து இளவாலையில் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வேறொரு கேள்வி. நற்கருணை அப்பம் கோதுமையில் ஆனது. முற்றாகக் குளூட்டன் அற்றதைத் திருச்சபை ஏற்பதில்லை. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு இடம் உண்டு, திராட்சை இரசத்தை மட்டும் பெறவும் வழி உண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

குளூட்டனை விலக்குவது என்ற, மருந்துக்கடையில் வாங்க முடியாத இந்த மருந்து, சுற்றியிருப்பவர்களின் நாணயத்தில் இருக்கிறது. “ஒரு வாய் தின்னு, ஒண்டும் செய்யாது” என்ற அன்பு இந்நோய்க்காரரை வருத்துகிறது. ஏறாத இரத்தசோகையோடும் வளராத பிள்ளையோடும் வருபவர்களைப் பார்க்கும் வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பூச்சியும் தலசீமியாவும் இல்லையென்று கண்டபின் சீலியாக் பரிசோதனையையும் ஒருமுறை எழுதுங்கள். கீரிமலையிலும் மாவிட்டபுரத்திலும் அன்னதானம் செய்யும் மடத்தாரிடம் இன்னொன்று: சமையற்கட்டு வாசலில் ஒரு பலகையில், இன்றைய சமையலில் கோதுமை மா, ரவை, சேமியா, பெருங்காயம் எதில் சேர்ந்தது என்று சுண்ணக்கட்டியால் எழுதிவையுங்கள். வீட்டில் சமைப்பவர்களிடம் கேட்பது இதைவிடச் சிறிது. விருந்தாளி “இதுக்குள்ள கோதுமை மா இருக்கோ?” என்று கேட்டால் மனம் நோகாதீர்கள். போட்டது ஒரு சிறங்கைதான் என்றாலும், போட்டதைச் சொல்லிவிடுங்கள்.